முத்துவும் டெல்லிக்கு வரட்டும்

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். எனக்கு 66 வயது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் கிராமம். அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. டெல்லியில் இருக்கும் மகன், தை பிறந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு அங்கேயே வந்துவிடச் சொல்கிறான். போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, முத்துவை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. ஏழு வயது ஆண்பூனை. வைக்கோல்போரில் குட்டியாகக் கிடைத்தவன். பகலெல்லாம் கொல்லையிலும் ஓட்டின் மேலும் திரிவான், ராத்திரி என் கால்மாட்டில் வந்து படுத்துக்கொள்வான். எங்கள் வீடு சைவம். தயிர்சாதமும் பாலும்தான் வைக்கிறேன். நாய் ஆளோடு வரும், பூனை வீட்டோடுதான் இருக்கும் என்று தெருவில் சொல்கிறார்கள். விமானத்தில் நம் கூடவே வைத்துக்கொண்டு போகலாம் என்கிறான் மகன். உண்மையா? மேலே ஏறும்போது அவனுக்குக் காது வலிக்காதா? ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வான்? தூக்க மாத்திரை ஒன்று கொடுத்தால் போதும் என்கிறாள் மருமகள். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

– ஒரு வாசகி, மயிலாடுதுறை மாவட்டம்

பதில்:

அம்மாவுக்கு வணக்கம்.

கூட்டிக்கொண்டு போங்கள். ஏழு வயது பூனைக்கு ஒரு வயதே இல்லை. வீட்டோடு வளரும் பூனை 15 வயதுவரைகூடச் சாதாரணமாக இருக்கும். உங்கள் மகன் சொன்னதும் சரிதான், பூனையைப் பையில் வைத்து உங்கள் முன் சீட்டுக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு போகலாம். நீங்கள் பயப்படுவதெல்லாம் விமானத்துக்குள் இருக்கும் மூன்று மணி நேரத்தைப் பற்றி. எனக்கு அந்த மூன்று மணி நேரம் பெரிய கவலை இல்லை. அதற்கு முன்னால் உங்கள் வீட்டில் நடக்கவேண்டிய இரண்டு மாத வேலையும், டெல்லி போய்ச் சேர்ந்தபின் வரும் முதல் மாதமும்தான் கவலை. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தெருப்பேச்சு. பூனை வீட்டைத்தான் பிடித்துக்கொள்ளும், ஆளை இல்லை என்பதில் பாதி உண்மை உண்டு. பூனை தன் எல்லையை வாசனையால் அறிந்து வைத்திருக்கும் பிராணி. தூண், நிலைப்படி, உங்கள் புடவை என்று கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையைப் பூசி வைத்திருக்கிறது. இடம் மாறினால் அந்த வரைபடம் மொத்தமும் போய்விடும், கலங்கத்தான் செய்யும். ஆனால் ஆள்மேல் பற்றில்லை என்பது தவறு. அமெரிக்காவில் ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், புது இடத்தில் பூனைகளைச் சற்று நேரம் தனியே விட்டு, பிறகு வளர்ப்பவரை உள்ளே அனுப்பிப் பார்த்தார்கள். ஏறக்குறைய 65 சதவீதப் பூனைகள் வளர்த்தவரைக் கண்டதும் அமைதியாகி, அந்த இடத்தைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கிவிட்டன. ராத்திரி கால்மாட்டில் வந்து படுக்கிறவன் எந்தப் பக்கம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நம் பக்கத்துக் கிராமத்துப் பூனைகளில் சில மூன்று வீட்டில் மூன்று பெயரோடு சாப்பிடுகிறவை. அப்படிப்பட்ட பூனையாக இருந்து, பக்கத்து வீட்டில் யாராவது மனசார ஏற்றுக்கொள்வார்கள் என்றால் விட்டுவிட்டுப் போங்கள் என்றுகூடச் சொல்லியிருப்பேன். தொட விடாத காட்டுப்பூனைக் குணம் கொண்டதையும் கூட்டிப் போகச் சொல்லமாட்டேன். முத்து அந்த ரகம் இல்லை. பூட்டிய வீட்டுத் திண்ணையில் அவனை விட்டுவிட்டுப் போனால் வயலோரம் எலிமருந்து தின்ற எலியைத் தின்றோ, நாய் துரத்தியோ போய்விடுவான். அறுவடைக் காலத்தில் இந்தப் பக்கத்துக் கால்நடை மருத்துவர்கள் எல்லோரும் பார்க்கிற சமாச்சாரம் அது.

அடுத்து தேதி. தை பிறந்ததும் வேண்டாம். மகனிடம் மாசி என்று சொல்லுங்கள். மார்கழி, தை முழுக்க டெல்லியில் அதிகாலைப் பனிமூட்டம். விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், சில சமயம் வேறு ஊரில் போய் இறங்கும். நீங்கள் ஒரு காபி குடித்துவிட்டுக் காத்திருப்பீர்கள், பைக்குள் இருக்கிறவனுக்கு அது முடியாது. நம் வெயிலில் வளர்ந்த மெல்லிய ரோமக்காரனை ஜனவரிக் குளிரில் இறக்குவதும் அநாவசியம். மாசியில் பனி விலகிவிடும், வெயிலும் ஏறியிருக்காது. இன்னொரு காரணம், உங்களுக்கு அந்த அவகாசம் தேவைப்படும்.

அவகாசம் எதற்கென்றால், இந்த வாரமே அவனைக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி, அதாவது ரேபிஸ் ஊசி, பயணத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் போட்டிருக்கவேண்டும், போட்டு ஒரு வருஷம் தாண்டியிருக்கவும் கூடாது. தேதி, மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர், டாக்டர் கையெழுத்து மூன்றும் உள்ள தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பூனைகளுக்கான முத்தடுப்பூசியும் போட்டுவிடுவது நல்லது. நம் ஊர் மருந்தகங்களில் மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் ஊசி இருப்பு இருக்கும். பூனைக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் தஞ்சாவூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வரவழைத்துத் தருவார்கள். ஏழு வயது என்பதால் சிறுநீரகத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். அந்த வசதி உங்கள் ஊரில் இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று, அவனுக்குக் கருத்தடை ஆகியிருக்கிறதா? ஆகவில்லை என்றால் அதுதான் முதல் வேலை. கொல்லையில் திரிகிற கடுவன் பூனை அங்கங்கே மூத்திரம் பீய்ச்சி எல்லை போடுவது உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கலாம். டெல்லியில் மூன்று அறை வீட்டில், மருமகளின் திரைச்சீலையில் அதைச் செய்தால் ஒரே வாரத்தில் குடும்பச் சண்டை வந்துவிடும். ஆண்பூனைக்கு அது சின்ன ஆபரேஷன், அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம். ஆனால் அந்தப் பழக்கமும் வாடையும் குறைய சில வாரம் பிடிக்கும். மயக்கத்தில் இருக்கும்போதே மைக்ரோசிப்பும் போட்டுவிடச் சொல்லுங்கள், தோளுக்கு நடுவே ஒரு ஊசி, அவ்வளவுதான். உள்நாட்டுப் பயணத்துக்கு அது கட்டாயமில்லை, தொலைந்தால் கண்டுபிடிக்க உதவும்.

விமான டிக்கெட்டை மகன் அவசரப்பட்டுப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருச்சி பக்கம்தானே என்று நினைப்பான். திருச்சியிலிருந்து கிளம்பும் உள்நாட்டு விமானங்களில் பெரும்பங்கு இண்டிகோவுடையது. அவர்கள் மாற்றுத்திறனாளிகளின் துணைநாயைத் தவிர வேறு பிராணிகளை ஏற்றுவதில்லை. கேபினில் பூனையை அனுமதிப்பவை ஏர் இந்தியாவும், 2022 நவம்பரிலிருந்து ஆகாசாவும். இரண்டும் சென்னையிலிருந்து பறக்கின்றன, ஆகவே சென்னைக்குப் போய்விடுவதுதான் வழி. ஒரு விமானத்தில் இத்தனை பிராணிகள்தான் என்று கணக்கு உண்டு. அதனால் முதலில் போன் செய்து, அந்தத் தேதியில் பூனைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டு உறுதி வாங்கிக்கொண்டு, பிறகு டிக்கெட் போடச் சொல்லுங்கள். பூனைக்குத் தனிக் கட்டணம். பையின் நீள அகல உயரத்தையும் எடை வரம்பையும் அதே போனில் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், அடிக்கடி மாற்றவும் செய்கிறார்கள். பூனையையும் பையையும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள். வீட்டிலேயே பார்த்துவிடலாம்: எடை மெஷினில் நீங்கள் மட்டும் ஏறிப் பாருங்கள், பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பாருங்கள், கழித்தால் அவன் எடை. நாட்டுப் பூனை பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து கிலோ.

ரயிலில் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். முதல் வகுப்பு ஏசியில் ஒரு கூபே, அதாவது கதவுள்ள சின்னத் தனியறை, முழுவதையும் எடுத்தால் கூட வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கார்டு பெட்டியில் கூண்டுக்குள் போகவேண்டும். சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒன்றரை நாள். பூனைக்கு அது வதை. சரக்குப் பகுதியில் அனுப்புவதும் வேண்டாம். அங்கேயும் காற்றழுத்தம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் ஏற்றுவதற்கு முன் ஓடுதளத்து வெயிலில் காக்க வைப்பதில்தான் ஆபத்து. தட்டை மூக்குப் பாரசீகப் பூனைகள் அதில் மூச்சுத் திணறிச் செத்ததுண்டு.

இப்போது பை. என்னைக் கேட்டால் மொத்தப் பயணமும் இந்தப் பையில்தான் இருக்கிறது.

கெட்டி பிளாஸ்டிக் கூண்டு சீட்டுக்கு அடியில் போகாது. துணிப்பை, மூன்று பக்கமாவது வலை, மேலேயும் பக்கவாட்டிலும் ஜிப், அடியில் ஈரம் கசியாத தட்டு. உள்ளே அவன் எழுந்து நின்று திரும்பிப் படுக்க இடம் வேண்டும். அதை இப்போதே வாங்கிவிடுங்கள். வாங்கி எடுத்து வைக்காதீர்கள், அவன் வழக்கமாகப் படுக்கிற இடத்தில் திறந்தே போட்டு வையுங்கள். நீங்கள் கட்டிக் கழற்றிய பழைய நூல்புடவை ஒன்றைத் துவைக்காமல் மடித்து உள்ளே விரியுங்கள். முதல் வாரம் அவன் அதைச் சட்டைகூடச் செய்யமாட்டான். செய்யவேண்டாம். சாப்பாட்டுக் கிண்ணத்தைப் பையின் வாசலில் வையுங்கள், நாளுக்கு நாள் ஓரங்குலம் உள்ளே தள்ளுங்கள். ஒரு மத்தியானம் தானாகவே உள்ளே போய்த் தூங்குவான். அதற்கப்புறம்தான் ஜிப். மூடி உடனே திறங்கள், மறுநாள் ஒரு நிமிஷம், பிறகு ஐந்து நிமிஷம். ஒவ்வொரு தடவையும் திறந்தவுடன் அவனுக்குப் பிடித்தது ஒரு வாய். அப்புறம் மூடிய பையைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் நடங்கள். பிறகு வாசலில். பிறகு பக்கத்துத் தெருவரை ஆட்டோவில். பையை எடுத்தாலே ஊசி என்று அவன் மனதில் பதியக்கூடாது, அதனால் முடிந்தவரை டாக்டரிடம் போகும்போது வேறு கூடையில் கொண்டுபோங்கள்.

பெரும்பாலானவர்கள் பயணத்துக்கு முதல்நாள் பையை வாங்கி, கையைக் கீறிக்கொண்டு பூனையைத் திணிக்கிறார்கள். கேட்டால் பூனைக்கு விமானம் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள்.

பையோடு சேர்ந்து இரண்டு பழக்கம் வேண்டும். ஒன்று மார்புப் பட்டை, ஹார்னஸ் என்று கடையில் கேளுங்கள். கழுத்துப்பட்டை போதாது, பயந்த பூனை பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். முதலில் அதை மாட்டினால் முத்து கால் விளங்காதவன்போலச் சாய்ந்து விழுவான். பயப்படாதீர்கள், நாலைந்து நாளில் மறந்துவிடுவான். இன்னொன்று மண் தட்டு. இதுவரை கொல்லையே அவனுக்குக் கழிப்பறை. டெல்லி அடுக்குமாடியில் கொல்லைக்கு எங்கே போவது? அகலமான பிளாஸ்டிக் தாம்பாளத்தில் கொல்லை மண்ணையே போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வையுங்கள். ராத்திரிகளில் கதவைச் சாத்தி உள்ளேயே வைத்திருந்தால் போய்விடுவான். போகத் தொடங்கியபின் கடையில் விற்கும் பூனை மணலைக் கைப்பிடி கைப்பிடியாகக் கலந்து, பயணத்துக்குள் முழுவதும் அதற்கு மாற்றிவிடுங்கள்.

மருமகள் சொன்ன தூக்க மாத்திரைக்கு என் பதில், கூடவே கூடாது. நல்லெண்ணத்தில் சொல்கிறார், தெரியும். பூனையின் கல்லீரல் நம்முடையதைப்போல வேலை செய்யாது. நமக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும். டயஸிபாம் என்ற தூக்க மாத்திரையால் சில பூனைகளுக்குக் கல்லீரல் அழிந்துபோனதாக 1990-களிலேயே பதிவுகள் உண்டு. தூக்கம் வருமே என்று அவில் என்ற அலர்ஜி மாத்திரை கொடுப்பவர்கள் நம் பக்கம் நிறைய, அதுவும் வேண்டாம். மருத்துவர்களே முன்பு கொடுத்துவந்த அசிப்ரோமசின் என்ற மயக்க மருந்துக்கு இன்னொரு கெடுதல் உண்டு: ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் வெப்பத்தைச் சமாளிக்கும் திறனைக் கெடுக்கும், பூனை அசையாமல் கிடக்கும், ஆனால் உள்ளே பயம் அப்படியே இருக்கும். மயங்கிக் கிடக்கும் பிராணியை விமானத்தில் ஏற்ற மறுக்கவும் செய்வார்கள்.

நாங்கள் இப்போது எழுதிக் கொடுப்பது கபபென்டின். இது தூங்கவைக்க அல்ல, படபடப்பைக் குறைக்க. கொடுத்து இரண்டு மூன்று மணி நேரத்தில் நன்றாக வேலை செய்யும், கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் நிற்கும். அளவு எடையைப் பொறுத்தது, சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் குறைக்கவேண்டும். அதற்காகத்தான் ரத்தப் பரிசோதனை கேட்டேன். பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டில் ஒருநாள் கொடுத்துப் பாருங்கள். கொஞ்சம் தள்ளாடுவான், அது சரி. எழுந்திருக்கவே மாட்டேன் என்றால் அளவைக் குறைத்துத் தருவார்கள். பை பழகி, ஆட்டோவில் சத்தம் போடாமல் வருகிறான் என்றால் இந்த மருந்தும் தேவைப்படாமல் போகலாம். காரில் வாந்தி எடுக்கிறவன் என்றால் மரோபிடன்ட் என்ற மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

பயண நாளை நான் இப்படித் திட்டமிடுவேன். மத்தியானம் ஒரு மணியை ஒட்டிக் கிளம்பும் விமானம். முந்தின இரவு எட்டு மணிக்கு அரைவயிறு சாப்பாடு. விடிகாலை மூன்றரைக்கு அவன் மண் தட்டுக்குப் போய் வரட்டும், மருந்து கொடுப்பதானால் அப்போது. நாலு மணிக்குக் கார். சீர்காழி, சிதம்பரம், புதுச்சேரி, திண்டிவனம் வழியாகப் பத்து மணிக்குச் சென்னை விமான நிலையம் போய்விடலாம். நடுவில் சென்னையில் சொந்தக்காரர் வீட்டில் ஒருநாள் தங்கிப் போகலாம் என்று தோன்றும். வேண்டாம். பழகாத இன்னொரு வீடு என்றால் கதவிடுக்கில் நழுவ இன்னொரு வாய்ப்பு. காரில் பையை சீட் பெல்ட்டால் கட்டுங்கள், எவ்வளவு கத்தினாலும் திறக்காதீர்கள். டிரைவரின் காலடிக்கு ஓடிய பூனையால் எல்லோருக்கும் ஆபத்து. காபிக்கு நிறுத்தும்போது ஒரு ஸ்பூன் தண்ணீர் காட்டுங்கள், குடித்தால் குடிக்கட்டும்.

கையில் இருக்கவேண்டியவை: தடுப்பூசி அட்டை, பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் பதிவு எண்ணோடும் முத்திரையோடும் கொடுத்த உடல்நலச் சான்று, இரண்டின் நகல்கள். சான்றை எத்தனை நாளுக்குள் வாங்கியிருக்கவேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. கிளம்புவதற்கு முதல்நாள் வாங்கினால் எந்த விதிக்கும் பொருந்தும். இணையத்தில் செக்கின் செய்ய முடியாது, கவுண்டருக்குத்தான் போகவேண்டும். அங்கே பையைப் பார்த்து, எடை போட்டு, ஒரு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள்.

எல்லாவற்றிலும் சிக்கலான இடம் பாதுகாப்புச் சோதனை. காலிப்பை மட்டும்தான் எக்ஸ்ரே பெல்ட்டில் போகவேண்டும். பூனையை வெளியே எடுத்து, நீங்கள் கையில் வைத்துக்கொண்டு கடக்கவேண்டும். அவ்வளவு சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே திமிறினால் பிடிப்பது சிரமம். வரிசையில் நிற்கும்போதே, விமான நிலையத்தைக் காக்கும் சிஐஎஸ்எப் படையின் பெண் காவலரிடம், பையில் பூனை இருக்கிறது, மறைவான இடத்தில் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள். பெண்களைச் சோதிக்கத் திரை போட்ட தடுப்பு இருக்கும், அங்கே வைத்து எடுக்க விடுவார்கள். வீட்டிலிருந்தே மார்புப் பட்டையை மாட்டி, கயிற்றை உங்கள் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, ஒரு துண்டால் அவனைக் கழுத்துவரை போர்த்தி எடுங்கள். வளையல், சங்கிலி, பெல்ட் என்று சோதனைக் கருவி சத்தம்போடும் எதையும் அன்றைக்கு நீங்களும் குறைத்துக்கொண்டால் சீக்கிரம் முடியும்.

விமானத்துக்குள் சொல்ல அதிகமில்லை. ஜிப்பைத் திறக்கக்கூடாது, பை முன் சீட்டுக்கு அடியில்தான் இருக்கவேண்டும். அவசர வழி உள்ள வரிசையில் இடம் தரமாட்டார்கள். ஜன்னலோரம் கேளுங்கள், நடமாட்டம் குறைவு. காதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் கேபினுக்குள் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்துக்குமேல் போகாமல் வைத்திருப்பார்கள். ஏறக்குறைய ஊட்டியில் நிற்பதுபோல. ஏறும்போதும் இறங்கும்போதும் நமக்கு அடைக்கிறமாதிரி அவனுக்கும் அடைக்கும், எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ திறந்துகொள்ளும். சளியோ காதில் சீழோ இருந்தால் மட்டும்தான் வலிக்கும், அப்படி இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். காதைவிட அவனை மிரட்டுவது சத்தம். நம் காதுக்கு எட்டாத கீச்சொலிகளும் பூனைக்குக் கேட்கும். நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதற்கு 60,000-க்கும் மேல். பைமேல் ஒரு மெல்லிய துணியைப் போடுங்கள், இரண்டு பக்க வலை காற்றுக்குத் திறந்தே இருக்கட்டும். கிளம்பும்போது கத்துவான், சற்று நேரத்தில் அடங்குவான், எஞ்சின் இரைச்சலில் மூன்றாவது சீட்டுக்குக்கூடக் கேட்காது.

பக்கத்து சீட்டுக்காரருக்குப் பூனை ஒவ்வாமை இருந்தால் பணிப்பெண்ணிடம் சொல்லி இடம் மாற்றிக்கொள்ளுங்கள். புறப்படும்போது பூனை குறுக்கே வந்தாலே திரும்பிப்போகிறவர்கள் இருக்கும் ஊரிலிருந்து, பூனையைக் கையில் தூக்கிக்கொண்டே புறப்படுகிறீர்கள். யாராவது முகம் சுளித்தால் சிரித்துவிட்டுப் போங்கள்.

மூத்திரம் பற்றிக் கவலைப்படாதீர்கள். வளர்ந்த பூனை அரைநாளுக்கு மேலும் அடக்கும், பயத்தில் இன்னும் அடக்கும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு விரிக்கும் அண்டர்பேட் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக, புடவைக்குக் கீழே விரியுங்கள். போய்விட்டால் பையை மூடியபடியே கழிப்பறைக்கு எடுத்துப்போய், கதவைத் தாழிட்டபின் மேலே இருப்பதை உருவிவிடலாம்.

உங்களுக்குத் தேவையில்லை, ஆனால் நாகூர், கூத்தாநல்லூர் பக்கமிருந்து அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால் இரண்டு வரி. வெளிநாடு என்றால் இது வேறு கதை. மைக்ரோசிப், சில நாடுகளுக்கு ரேபிஸ் எதிர்ப்பாற்றல் ரத்தப் பரிசோதனை, சென்னையில் மத்திய அரசின் விலங்குத் தொற்றுத்தடுப்பு நிலையத்தின் சான்று என்று மாதக்கணக்கில் வேலை இருக்கும். பல இடங்களுக்குக் கேபினில் போகவே வழியில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கேபினில் செல்லப்பிராணிகளை ஏற்பதில்லை. எமிரேட்ஸில் கேபினுக்குள் வல்லூறுக்கு இடமுண்டு, பூனைக்கு இல்லை. பிரிட்டனுக்குள் எந்த விமானத்தில் போனாலும் சரக்காகத்தான் இறங்கவேண்டும்.

டெல்லி வீட்டில் முதல் வாரம் முத்துவுக்கு ஒரே அறை. உங்கள் அறை. கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்குவான், இழுக்காதீர்கள். மண் தட்டு ஒரு மூலை, சாப்பாடு எதிர்மூலை, அந்தப் பை திறந்தபடி அதே புடவையோடு. பேரப்பிள்ளைகள் இருந்தால் முதல் மூன்று நாள் எட்டிப் பார்ப்பதோடு சரி. சாப்பிட்டு, தட்டுக்குப் போய், உங்கள் கால்மாட்டுக்கு வந்து படுத்தபின் அடுத்த அறையைத் திறந்துவிடுங்கள். பால்கனிக்கு வலை அடித்திருக்கவேண்டும், நீங்கள் போவதற்கு முன்னாலேயே. ஓட்டின்மேல் ஏறிப் பழகியவன் ஐந்தாவது மாடிக் கைப்பிடிச் சுவரிலும் ஏறுவான். இனி வெளியே விடும் பேச்சே கிடையாது.

முதல் நாள் சாப்பிடாவிட்டால் பரவாயில்லை. இரண்டு நாள் தாண்டினால் டாக்டரிடம் போகவேண்டும், பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும். அதைவிட அவசரமான ஒன்று உண்டு. ஆண்பூனைக்கு இடமாற்ற மன உளைச்சலில் மூத்திரப்பை வீங்கும், குழாய் அடைத்துக்கொள்ளும். தட்டுக்கு அடிக்கடி போகிறான், முக்குகிறான், கத்துகிறான், ஈரம் மட்டும் இல்லை என்றால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரி. ஒன்றிரண்டு நாள் தாமதித்தால் உயிர் போய்விடும். மகனிடம் வீட்டுக்குப் பக்கத்தில் இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையை இப்போதே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகத் தயிர்சாதம். இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். ஏழு வருஷமாக முத்து தயிர்சாதத்திலேயே வளர்ந்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை அம்மா. உங்கள் வீட்டில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, கொல்லையில் எலி, ஓணான், தவளை, குருவி என்று மீதிச் சாப்பாட்டை அவனே தேடிக்கொண்டான். பூனைக்கு டாரின் என்ற சத்து மாமிசத்திலிருந்துதான் வரவேண்டும், அதன் உடம்பால் போதுமான அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. அரிசியில் அது இல்லை, பாலில் இருப்பது போதாது. அது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத்தசை தளர்ந்து வீங்கும். டாரின் குறைவே பூனைகளின் இதய வீக்கத்துக்குக் காரணமாகிறது என்பது 1987-இல் தெரியவந்தது, அதன்பிறகுதான் பூனைத் தீவனங்களில் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். டெல்லி அடுக்குமாடியில் எலிக்கு எங்கே போவான்? அங்கே தயிர்சாதம் மட்டும் போட்டால் ஓரிரு வருஷத்தில் கண்ணோ இதயமோ போய்விடும்.

உங்கள் அடுப்பில் மீன் வேகவேண்டாம், நான் அதைச் சொல்லவில்லை. வளர்ந்த பூனைக்கான முழுமையான உணவு என்று அச்சிட்ட உலர்தீவனப் பை கடையில் கிடைக்கிறது. அதற்குத் தனிக் கிண்ணம், தனி ஸ்பூன், பால்கனிப் பக்கம் ஒரு மூலை. வாடை உங்கள் சமையலறைக்கு வராது. திடீரென்று மாற்றினால் வயிற்றால் போகும். இன்றைக்குத் தயிர்சாதத்தின்மேல் பத்து உருண்டை, அடுத்த வாரம் இருபது, மாசிக்குள் பாதிக்குப் பாதி, டெல்லி போய்ப் பத்து நாளில் முழுவதும். தீவனத்தின் பெயரை மகனிடம் சொல்லி, அதே பையை அங்கேயும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கட்டும், உலர்தீவனம் தின்னும் ஆண்பூனை நிறையக் குடிக்கவேண்டும். ஆசைக்கு ஒரு ஸ்பூன் தயிர்சாதம் என்றைக்காவது வைத்தால் நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.